வரியும் வாலையும்: விஸ்கி ஊர்களில் ஒரு பயணம்

செவ்வாய், போர்ட் எல்லன், ஐலா தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கென்னகிரெய்க் துறையிலிருந்து புறப்பட்ட கப்பல் ஐலாவின் தென்கரையை நெருங்கும்போது, கடலை ஒட்டி வெள்ளையடித்த நீண்ட சுவர்களும் அவற்றின்மீது ஆளுயரக் கறுப்பு எழுத்துகளில் ஆலைப் பெயர்களும் தெரிகின்றன. ஆர்ட்பெக், லாகவூலின், லஃப்ராய்க் ஆகிய மூன்றும் ஒரே சாலையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கின்றன. விஸ்கியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சுவையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்தப் பயணத்தில் செய்முறையைப் பின்தொடரப் போகிறேன். தானியம், நீர், ஈஸ்ட் என்ற மூன்றை மட்டும் கொண்டு வடித்து மரப் பீப்பாயில் வைக்கும் ஒரு பானம் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வி. மரபு என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பாதியாவது, அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்யப்பட்டதாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஐலா அந்த ஊகத்துக்கு உடனே சான்று தருகிறது. இத்தீவில் மரங்கள் குறைவு. நிலக்கரியைக் கடல் தாண்டித்தான் கொண்டுவர வேண்டும். இங்கே ஏராளமாக இருப்பது பீட். பாசியும் புல்லும் ஹெதர்ச் செடியும் ஈரச் சதுப்பில் முழுமையாக மக்காமல் பல நூற்றாண்டுகள் அழுந்திக் கிடந்து உண்டான கறுப்பு மண் அது. அதைக் கட்டி கட்டியாக வெட்டிக் காற்றில் உலர்த்தினால் விறகாகிவிடும். வீட்டுக் கணப்புக்கும் அதுதான். பார்லியை உலர்த்தவும் அதுதான். உள்நாட்டு ஆலைகளுக்கு ரயிலில் நிலக்கரி வந்து சேர்ந்ததும் அவற்றில் பல பீட்டைக் குறைத்துக்கொண்டன. தீவு தன் புகையோடு நின்றுவிட்டது.

லஃப்ராய்க்கில் தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறை இன்னும் நடக்கிறது. (தேவையான மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், ஒரு பகுதிதான் இப்படி ஆகிறது, மீதி, துறைமுகத்துக்கு அருகிலுள்ள பெரிய முளைகட்டும் ஆலையிலிருந்து வருகிறது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.) பார்லியை ஏறக்குறைய 2 நாள் ஊறவைப்பதும் நீரை வடிப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்து, பின்பு தரையில் அரை முழ உயரத்துக்குள் பரப்புகிறார்கள். தானியம் முளைவிடும்போது, தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த நொதிகளுக்காகத்தான் இத்தனை பாடும். முளைக்கும் தானியம் தானே சூடாகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆகவே பகலும் இரவும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மரத் துடுப்பால் புரட்டிவிட வேண்டும். பக்குவம் பார்க்கும் முறை எளிது. ஒரு மணியை நகத்தால் பிளந்து, உள்ளிருப்பதைச் சுவரில் இழுக்கிறார் பணியாளர். சுண்ணக்கட்டி இழுத்ததுபோல் வெள்ளைக் கோடு விழுந்தால் தயார், பசையாக ஒட்டினால் இன்னும் ஒரு நாள்.

முளை மேலும் வளர்ந்தால் சர்க்கரையை அதுவே தின்றுவிடும் என்பதால் சூளையில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். ஈரம் இருக்கும்வரைதான் புகை மணியில் படியும். ஆகவே முதல் கட்டத்தில் பீட்டைக் கனலவிட்டுப் புகையை மட்டும் மேலே அனுப்பி, பிறகு வெறும் சூடான காற்றால் காயவைக்கிறார்கள். மருந்து, தார், கடற்பாசி என்றெல்லாம் குடிப்பவர்கள் வருணிக்கும் மணம், அந்தப் புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்களால் வருவது. அதைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். போமோர் 25 அளவில், லஃப்ராய்க் 40 அளவில், ஆர்ட்பெக் 50-க்கு மேல். ப்ரூக்லாடி ஆலையின் ஆக்டோமோர் வரிசையில் ஒன்று 300-ஐயும் தாண்டியது. ஆனால் இந்த எண்கள் மால்ட்டில் எடுத்தவை, புட்டியில் எடுத்தவை அல்ல. அரைப்பதிலும் வடிப்பதிலும் பீப்பாயில் கிடப்பதிலும் பெரும்பங்கு கழிந்துவிடுகிறது. எண்ணைப் பார்த்து விஸ்கியின் வீரியத்தை எடைபோடுவது, என் கருத்தில், வீண் வேலை.

புதன், போமோர்

1779 முதல் ஆண்டுக்கணக்கு வைத்திருக்கும் போமோர் ஆலையில் இன்று முழு நாளும் கழிந்தது. முளைகட்டியதை அரைத்து, 64 பாகை செல்சியஸ் அளவு சூடான நீரில் கலக்கிறார்கள். அதற்கு மேல் கொதித்தால் நொதிகள் செத்துவிடும். இனிப்பு நீர் இறங்கியபின் இன்னும் சூடான நீர் ஊற்றி மிச்சச் சர்க்கரையை எடுக்கிறார்கள். கடைசியாக வரும் நீர்த்த கரைசல் அடுத்த ஈட்டுக்கு முதல் நீராகிறது. சக்கை மாடுகளுக்குப் போகிறது.

இனிப்பு நீரில் ஈஸ்ட் சேர்த்துப் பெரிய தொட்டிகளில் ஊறல் போடுகிறார்கள். 48 மணி நேரத்தில் ஈஸ்ட்டின் வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். அங்கேயே நிறுத்தினால் வறுத்த தானியம், கொட்டைப் பருப்பு போன்ற சுவை மேலோங்கும். இன்னும் ஓரிரண்டு நாள் விட்டுவைத்தால் லாக்டிக் பாக்டீரியாக்கள் புகுந்து, பழ வாசனை தரும் எஸ்டர்கள் கூடுகின்றன. ஊறல் நேரம் என்பது ஆலைக்குள் வெளித்தெரியாத ஒரு முடிவு. புட்டியின் சீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

8 அல்லது 9 சதவீத ஆல்கஹால் கொண்ட அந்த ஊறல் முதல் செம்பு வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலம்) வடிந்து 20 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. அதை இரண்டாம் வாலைக்கு மாற்றும்போதுதான் உண்மையான விஸ்கி பிறக்கிறது. வடிந்து வருவது பித்தளைச் சட்டமிட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுகிறது. அப்பெட்டியின் சாவி ஒரு காலத்தில் கலால் அதிகாரியிடம்தான் இருந்தது. வடிப்பவர் தாம் வடித்ததைத் தொட முடியாது, கண்ணாலும் அளவுமானியாலும்தான் மதிப்பிட வேண்டும். முதலில் வரும் தலைவடியில் ஆவியாகும் காரமான சேர்மங்கள் மிகுதி. அதோடு சிறிது நீர் சேர்த்துப் பார்ப்பார்கள்; கலங்கினால் இன்னும் தலைவடி, தெளிந்தால், பீப்பாய்க்குப் போக வேண்டிய நடுவடி தொடங்கிவிட்டது. உடனே கைப்பிடியைத் திருப்பி ஓட்டத்தை வேறு கலத்துக்கு மாற்றுகிறார் வடிப்பாளர். பிறகு ஆல்கஹால் வலிமை இறங்க இறங்கக் கனத்த, எண்ணெய்ப்பதமான சேர்மங்கள் எட்டிப்பார்க்கும்; எந்த இடத்தில் நடுவடியை நிறுத்துவது என்பது ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு கணக்கு. தலைவடியும் கடைவடியும் கழிவாவதில்லை. அடுத்த ஈட்டோடு மீண்டும் வாலைக்குப் போகின்றன.

புகையின் ஃபீனால்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் பிற்பகுதியில்தான் வருகின்றன. ஆகவே புகை வேண்டும் ஆலை நடுவடியைக் கீழே வரைக்கும் இழுக்கும். பழ மணம் வேண்டும் ஆலை முன்னதாகவே நிறுத்திக்கொள்ளும். ஒரே மால்ட்டைக் கொண்டு இரண்டு வேறு விஸ்கி வடிக்க, அந்தக் கைப்பிடியை எப்போது திருப்புகிறோம் என்ற வேறுபாடு ஒன்றே போதும். ஐலா என்றாலே புகை என்பதும் முழு உண்மையன்று. இதே தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் புன்னஹாவன் பெரும்பாலும் புகையில்லாத மால்ட்டையே வடிக்கிறது.

வெள்ளி, காம்பெல்டவுன்

கின்டயர் தீபகற்பத்தின் நுனியிலுள்ள இந்தச் சிற்றூரில் 19-ஆம் நூற்றாண்டில் 20-க்கு மேற்பட்ட ஆலைகள் ஒரே காலத்தில் இயங்கின. இன்று மூன்று: ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா, 2004-இல் மீண்டும் வடிக்கத் தொடங்கிய கிளென்கைல். ஊர் சிறுத்துவிட்டாலும் சட்டம் அதைத் தனி விஸ்கி வட்டாரமாக இன்னும் வைத்திருக்கிறது.

இங்கே பார்க்க வேண்டியது ஸ்பிரிங்பேங்க்கின் கணக்கு. ஒரே கூரையின்கீழ் மூன்று பாணி. ஹேசல்பர்ன் என்ற விஸ்கி புகையில்லாத மால்ட்டால் ஆனது, மும்முறை வடித்தது. லாங்ரோ மிகுந்த புகையுடன் இருமுறை வடித்தது. ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரிலேயே வருவது இரண்டரை முறை வடித்தது. முதல் வடியில் பெரும்பகுதியை நடு வாலையில் இன்னொரு முறை வடித்து, அதோடு மறுவடிப்புக்குப் போகாத முதல் வடியில் ஒரு பங்கைக் கலந்து, கடைசி வாலையில் ஏற்றுகிறார்கள். ஒரு பகுதி மும்முறையும் மறு பகுதி இருமுறையும் வடிவதால் அது ‘இரண்டரை’. வாலையின் எண்ணிக்கையைவிட அதற்குள் எதை எந்த விகிதத்தில் அனுப்புகிறோம் என்பது முக்கியம் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

திங்கள், கிரெய்கெலக்கி, ஸ்பேசைட்

ஸ்பே ஆற்றைச் சுற்றி 50 அளவில் ஆலைகள் நெருங்கி நிற்கின்றன. மலைகளுக்கு நடுவில் கள்ளச்சாராயம் வடிப்பதற்கு வாகான இடமாக இருந்தது, 1823-இன் கலால் சட்டம் உரிமக் கட்டணத்தையும் வரியையும் குறைத்தபோது சட்டத்துக்குட்பட்ட தொழிலிடமாக மாறியது. அடுத்த ஆண்டே உரிமம் எடுத்த ஜார்ஜ் ஸ்மித் என்ற கிளென்லிவெட் விவசாயி, பழைய கூட்டாளிகள் ஆலையைக் கொளுத்திவிடுவார்கள் என்று அஞ்சி இடுப்பில் கைத்துப்பாக்கிகளோடு நடமாடினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு.

இந்த வட்டாரத்தில் என்னை நிறுத்திவைத்தவை செம்பும் மரமும்தான். செம்பு வெறும் பாத்திரம் அன்று. ஆவியில் கலந்து வரும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். ஆவி செம்போடு எவ்வளவு அதிக நேரம் உரசுகிறதோ அவ்வளவு இலேசாகவும் தூய்மையாகவும் சரக்கு இறங்கும். கழுத்து உயர்ந்த வாலையில் கனத்த ஆவி ஏற முடியாமல் குளிர்ந்து மீண்டும் கீழே விழும். குட்டையான வாலையில் எல்லாம் ஏறிவிடும். வடக்கே டெய்ன் ஊரிலுள்ள கிளென்மோராஞ்சியின் கழுத்துகள் 5 மீட்டரைத் தாண்டுகின்றன. இங்கே மெக்காலனின் வாலைகள் சிறியவை, அதனால் அதன் வடி கனமானது. குளிர்விப்பதிலும் இதே விதி. பெரும்பாலான ஆலைகளில் நெருக்கமான செம்புக் குழாய்கள் கொண்ட உருளைகள் இருக்கின்றன. மார்ட்லக் போன்ற சிலவற்றில், நீர் நிரம்பிய திறந்த தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கும் ஒற்றைச் செம்புக் குழாய். ஆவி விரைவில் நீராகிவிடுவதால் செம்பின் தொடர்பு குறைந்து, இறைச்சிச் சாறு போன்ற ஒரு கனம் வருகிறது. டால்வின்னி ஆலை 1980-களில் இந்தப் பழைய தொட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியன பொருத்தியது. சுவை மாறிவிட்டதென்று 1990-களில் தொட்டிகளைத் திரும்பக் கட்டியது.

மதியம் பீப்பாய்ப் பட்டறை. மேல்தளத்துக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால், காது அடைக்கும் சத்தத்தில், ஆணியும் பசையும் இல்லாமல் ஓக் பலகைகளை இரும்பு வளையங்களுக்குள் அடித்து இறுக்குகிறார்கள். மூடிப்பலகையின் இடுக்குகளில் காய்ந்த கோரைத் தாளை வைத்து அழுத்துகிறார்கள். ஈரம் பட்டால் அது உப்பி அடைத்துக்கொள்ளும். 200 லிட்டர் அமெரிக்கப் பீப்பாய்களைப் பிரித்துக் கூடுதல் பலகை சேர்த்து 250 லிட்டராக மறுகட்டுவதும், உட்புறம் சலித்துப்போன பீப்பாயைச் சுரண்டி மீண்டும் தீயிட்டுக் கருக்குவதும் இங்கே அன்றாட வேலை. ஸ்காட்ச் என்று சொல்ல வேண்டுமானால் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஸ்காட்லாந்திலேயே இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் விதி. அது புதியதா பழையதா என்று விதி கேட்பதில்லை. ஆகவே செலவு குறைந்த பழைய பீப்பாயே வழக்கமாயிற்று. ஒரு காலத்தில் ஷெர்ரி ஒயின் ஸ்பெயினிலிருந்து பீப்பாயோடு பிரிட்டனுக்கு வந்தது, காலிப் பீப்பாய் விஸ்கிக்குப் போயிற்று. 1980-களில் ஷெர்ரியை அங்கேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்று ஆனபின் அந்த வரத்து நின்றது. இன்று விஸ்கிக்காகவே 500 லிட்டர் பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஓரிரண்டு ஆண்டு ஊற்றிவைத்துப் பழக்கி அனுப்புகிறார்கள். ஷெர்ரி பீப்பாய் என்ற சொல்லுக்குப் பின்னால் இப்போது இருப்பது இதுதான்.

இந்த விதிகள் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க இடம்கொடுக்கின்றன. அடர்ந்த நிறத்தை வயதின் அடையாளம் என்று நம்புவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதன், மிடில்டன், அயர்லாந்து

கார்க் நகருக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரின் பழைய ஆலை முற்றத்தில், 1825-இல் அமைத்த ஒரு செம்பு வாலை நிற்கிறது. கொள்ளளவு 31,618 காலன், ஏறக்குறைய 1,40,000 லிட்டர். உலகில் இதைவிடப் பெரிய பானை வாலை செய்யப்பட்டதில்லை. அன்றைக்கு அயர்லாந்து விஸ்கி எவ்வளவு பெரிய வணிகமாக இருந்தது என்பதற்கு அந்த வாலை ஒன்றே கணக்குப்புத்தகம்.

ஐரிஷ் விஸ்கி என்றால் மும்முறை வடித்தது, புகையில்லாதது என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் வழக்கம்தான், சட்டமன்று. இருமுறை வடித்த, புகையேற்றிய ஐரிஷ் விஸ்கியும் உண்டு. இத்தீவுக்கே உரிய பாணி வேறொன்று. அதற்குப் பாட் ஸ்டில் என்று பெயர்; முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்து அரைத்து வடிப்பது. 18-ஆம் நூற்றாண்டில் அரசு மால்ட்டின்மீது வரி போட்டது. 1785-இல் அது இறுகியது. ஆலையினர் வரியில்லாத பச்சைத் தானியத்தைக் கலவையில் கூட்டிக்கொண்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் நொதி மால்ட்டிலிருந்து வந்தால் போதும். பச்சைப் பார்லி அதன் தோளில் ஏறிக்கொள்ளும். வரியைத் தவிர்க்கச் செய்த இந்த ஏற்பாட்டால், நாக்கில் எண்ணெய் படர்ந்தாற்போன்ற தடிப்பும் மிளகின் காரமும் கொண்ட ஒரு விஸ்கி கிடைத்தது. 1880-இல் மால்ட் வரி நீங்கியபோது, குடிப்பவர்கள் அந்தச் சுவைக்குப் பழகியிருந்தார்கள். கலவையை மாற்ற எவரும் துணியவில்லை.

பச்சைப் பார்லியால் ஊறல் கனத்துக் கொழகொழப்பாகிறது, வடியிலும் கனம் கூடுகிறது. மூன்றாம் வடிப்பு அதைச் சீர்ப்படுத்துகிறது. ஸ்காட்லாந்தில் இருமுறை வடித்துக் கிடைப்பது 70 சதவீதத்தை ஒட்டியிருக்கும். இங்கே மும்முறைக்குப் பின் 80-ஐத் தாண்டுகிறது. வலிமை ஏற ஏறச் சேர்மங்கள் உதிர்கின்றன என்பதால், மும்முறை வடித்த மால்ட் விஸ்கி இலேசாகவே இருக்கும். பாட் ஸ்டிலில் அப்படி உதிர்ந்த பின்னும் கனம் எஞ்சுவதுதான் அதன் தனித்தன்மை. 2014-இன் விதிப்படி மால்ட்டும் பச்சைப் பார்லியும் தலா 30 சதவீதமாவது இருக்க வேண்டும், ஓட்ஸ், ரை போன்ற பிற தானியங்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஆலைகளின் குறிப்பேடுகளில் ஓட்ஸ் இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது என்று புதிய ஆலையினர் வாதாடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மரபைக் காக்க எழுதிய விதி, மரபின் ஒரு காலகட்டத்தை மட்டும் படம்பிடித்து உறைய வைத்துவிட்டது.

வியாழன், டப்ளின்

இன்றைய பதிவு சிறியது. ஆனால் இதில் வரும் மனிதரை விட்டுவிட்டால் விஸ்கியின் கதை நிற்காது. அயர்லாந்தின் கலால் துறையில் தலைமை ஆய்வாளர் வரை உயர்ந்த ஈனியஸ் காஃபி, பணியிலிருந்து விலகி, 1830-இல் இடைவிடாமல் ஓடும் வாலைக்குக் காப்புரிமை பெற்றார். பானை வாலையில் ஒவ்வோர் ஈடாகக் காய்ச்சி, இறக்கி, கழுவ வேண்டும். காஃபியின் இரட்டைத் தூணில் ஊறல் மேலிருந்து தட்டு தட்டாக இறங்குகிறது, நீராவி கீழிருந்து ஏறி அதிலுள்ள ஆல்கஹாலைப் பறித்துக்கொண்டு இரண்டாம் தூணுக்குப் போகிறது. அங்கே ஏறும் ஆவியின் சூட்டிலேயே, உள்ளே வரப்போகும் புதிய ஊறல் குழாயில் ஓடிக் காய்ந்துவிடுகிறது. எரிபொருள் மிச்சம், ஆள் மிச்சம், எந்தத் தானியமும் ஆகும்; 90 சதவீதத்துக்கு மேலான சரக்கு நாள் முழுவதும் ஓடும்.

டப்ளினின் பெரும் ஆலைகள் இதை விஸ்கியென்றே ஏற்க மறுத்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1860-இன் சட்டம் வரிகட்டும் முன்பே மால்ட்டையும் தானிய விஸ்கியையும் கலக்க அனுமதித்தபின், இலேசான தானிய விஸ்கியில் மணமுள்ள மால்ட்டைக் கலக்கும் பிளெண்டட் ஸ்காட்ச் உலகெங்கும் சென்றது. தானிய வடியும் விஸ்கிதான் என்று 1909-இல் அரச ஆணையம் சொல்லி வழக்கை முடித்தது. விடுதலைப் போர், அமெரிக்க மதுவிலக்கு, பிரிட்டனோடு வணிகச் சண்டை என்று அடுத்தடுத்து அடிபட்ட ஐரிஷ் தொழில், 1966-இல் எஞ்சிய கார்க், டப்ளின் ஆலைகள் ஒன்றிணையும் நிலைக்கு வந்தது. 2015-இல் டீலிங் ஆலை திறந்தபோது, அது 125 ஆண்டுகளுக்குப் பின் டப்ளினில் எழுந்த முதல் புதிய ஆலை. காஃபியைத் துரத்தியது தவறு என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பிடிவாதக்காரர்கள் முற்றிலும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திங்கள், ஃபிராங்க்ஃபர்ட், கென்டக்கி

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் தானியம் மாறிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிழக்கே பென்சில்வேனியாவிலும் மேரிலாண்டிலும் ரையை வடித்தார்கள்; மலை கடந்து கென்டக்கிக்கு வந்தபோது அங்கே செழித்து வளர்ந்தது மக்காச்சோளம். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பதே இன்றைய சட்டம். நடைமுறையில் 70, 75 என்று இருக்கும். மீதியில் காரத்துக்கு ரை, நொதிக்கு மால்ட். ரைக்குப் பதிலாகக் கோதுமை போட்டால் மென்மை கூடும். லொரெட்டோ ஊரிலுள்ள மேக்கர்ஸ் மார்க் அப்படிச் செய்வது. அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் போர்பன் வடிக்கலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1964-இல் நாடாளுமன்றம் அதை நாட்டுக்கே உரிய பொருளாக அறிவித்ததே தவிர, கென்டக்கிக்கென்று எழுதிவைக்கவில்லை.

பஃபலோ டிரேஸ் ஆலையில் தானியம் வேகும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மக்காச்சோளத்தின் மாவுச்சத்து எளிதில் இளகாது. அதைக் கொதிநிலைக்கு அருகில் வேகவைக்க வேண்டும். சற்று ஆறவிட்டு ரை. 65 பாகைக்கு இறங்கிய பிறகே மால்ட். முன்னால் போட்டால் நொதிகள் வெந்துவிடும். ஸ்காட்லாந்தில் இனிப்பு நீரை மட்டும் வடித்தெடுத்தார்கள்; இங்கே சக்கையோடு சேர்த்தே ஊறல் போடுகிறார்கள், சக்கையோடு சேர்த்தே வாலைக்கும் அனுப்புகிறார்கள். பானை வாலையில் இந்தக் கஞ்சி அடிப்பிடித்துவிடும். ஆகவே தூண் வாலை இங்கே சிக்கனத்துக்காக மட்டுமன்றி, தானியத்துக்கு ஏற்றதாகவும் இருக்கிறது. தூணிலிருந்து வந்ததை ஒரு சிறிய பானையில் இன்னொரு முறை காய்ச்சுகிறார்கள். 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது என்று விதி இருப்பதால், தானியத்தின் சுவை முற்றிலும் கழன்றுவிடுவதில்லை. வடித்தபின் அடியில் தங்கும் புளித்த நீரில் ஒரு பகுதியை அடுத்த ஊறலில் ஊற்றுவது ‘சவர் மேஷ்’. அந்தப் புளிப்பு, வேண்டாத பாக்டீரியாவைத் தடுத்து ஈஸ்ட்டுக்கு இடம் தருகிறது. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் இவ்வூர்த் தண்ணீரின் காரத்தன்மைக்கும் அது மாற்று. 1830-களில் அருகிலுள்ள ஓர் ஆலையில் ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதை அளந்து முறைப்படுத்தினார். கண்டுபிடித்தவர் அவரே என்று சொல்வது மிகை.

புதன், பார்ட்ஸ்டவுன்

சாலையோர மரங்களும் வேலிகளும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் கிடங்கு அருகில் இருக்கிறது என்று பொருள். பீப்பாயிலிருந்து கசியும் ஆல்கஹால் ஆவியைத் தின்று வளரும் பாடோனியா என்ற பூஞ்சை அது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தீராத தலைவலி.

போர்பனின் வேறுபாட்டில் பெரும்பங்கு பீப்பாய்க்கு உரியது. உட்புறம் கருக்கிய புத்தம்புதிய ஓக்கலத்தில் மட்டுமே வைக்க வேண்டும் என்பது, மதுவிலக்கு நீங்கியபின் 1930-களில் வந்த கூட்டாட்சி விதி. ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே தீ காட்டுகிறார்கள். மிக ஆழமாகக் கருக்கினால் பலகை முதலைத் தோல்போல் வெடித்து நிற்கும். கரிக்கு அடியில் மரத்தின் சர்க்கரை உருகிச் சிவந்த ஒரு கோடு இருக்கிறது. வெனிலாவும் கேரமலும் அந்தக் கோட்டிலிருந்து வருகின்றன. கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் போகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. ஏழெட்டு மாடி மரக்கிடங்கில் மேல்தளம் கொதிக்கும், கீழ்த்தளம் குளிர்ந்திருக்கும். மேலே நீர் அதிகம் ஆவியாவதால் ஆல்கஹால் வலிமை ஏறுகிறது. ஈரக்காற்றும் குளிருமான ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். ஆண்டுக்கு 2 சதவீதம் என்று அங்கே கணக்கு வைக்கும் ஆவியிழப்பு இங்கே அதைவிட மிகுதி. ஆகவே 12 ஆண்டு ஸ்காட்ச்சையும் 12 ஆண்டு போர்பனையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. புதிய மரத்தில் 12 ஆண்டு கிடந்தது பலமுறை துவர்த்துப்போகும். எனக்கு 6 முதல் 8 வரை உள்ளவைதான் பொருந்துகின்றன. ஃபோர் ரோசஸ் இந்த மாடி வேறுபாடு வேண்டாமென்று ஒற்றைத்தளக் கிடங்கு வைத்துக்கொண்டு, 2 தானியக் கலவை, 5 ஈஸ்ட் என்று 10 வகை வடித்துக் கலக்கிறது.

‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற சொற்களும் ஒரு மோசடியின் மிச்சம்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறும் பழச்சாறும் கலந்து விஸ்கியென்று விற்றவர்கள் ஏராளம். 1897-இன் சட்டம் ஒரே ஆலை, ஒரே பருவம், அரசு முத்திரையிட்ட கிடங்கில் 4 ஆண்டு, 50 சதவீத வலிமை என்று வரையறுத்து, அதற்குத் தன் பெயரை அடகு வைத்தது. இன்றும் ஒரு சீட்டில் நான் முதலில் தேடுவது அந்தச் சொற்களைத்தான்.

வெள்ளி, லிஞ்ச்பர்க், டென்னசி

ஜேக் டேனியல் ஆலையின் முற்றத்தில் சர்க்கரை மேப்பிள் கட்டைகளை அடுக்கி எரித்து, நீர் பாய்ச்சி அணைத்துக் கரியாக்குகிறார்கள். அந்தக் கரியை 3 மீட்டர் ஆழத் தொட்டியில் நிரப்பி, வடித்த சரக்கைச் சொட்டுச் சொட்டாக மேலிருந்து விடுகிறார்கள். பல நாள் எடுத்துக் கீழே வருவதற்குள் மக்காச்சோளத்தின் எண்ணெய்க் கசப்பில் ஒரு பங்கு கரியில் தங்கிவிடுகிறது. பிறகுதான் பீப்பாய். தானியம், வாலை, புதிய மரம் எல்லாம் போர்பனுக்கு உரியவையே. இந்த ஒரு படிதான் டென்னசியை வேறாக்குகிறது. இளம் ஜேக் டேனியலுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அடிமையாக இருந்து பின்பு ஆலையின் முதல் தலைமை வடிப்பாளரான நியரஸ்ட் கிரீன் என்பதை நிறுவனம் 2016-இல்தான் உரக்கச் சொன்னது. மிகத் தாமதம்.

கரியில் வடிகட்டுவதற்கு லிங்கன் கவுண்டி முறை என்று பெயர், லிஞ்ச்பர்க் அப்போது அந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) இருந்ததால். 1870-களில் எல்லை மாற்றி வரைந்தபோது ஊர் மூர் கவுண்டிக்குள் போய்விட்டது; அதுவோ மதுவிற்பனைக்குக் கட்டுப்பாடுள்ள கவுண்டி. 2013-இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, டென்னசி விஸ்கி என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால் மேப்பிள் கரியில் வடிகட்டியே ஆக வேண்டும் என்றது. ஏற்கெனவே கரியில்லாமல் வடித்துவந்த பிரிச்சர்ட்ஸ் என்ற சிறிய ஆலைக்கு மட்டும் அதில் விலக்கு. அந்த ஆலை இருப்பது லிங்கன் கவுண்டியில்.